வீட்டு மொழி: ஜெர்மன்

ஜெர்மனியில், எங்கள் சிறுநகர ஆரம்பப் பாடசாலையின் உடற்பயிற்சி மண்டபத்தில், பெற்றோர் கூட்டமொன்றின்போது, அதிபர் அம்மையார் ஒரு கடிதத்தைக் கையில் பிடித்தபடி நின்ற காட்சி இன்றும் என் கண்முன் நிற்கிறது. கூரை ஒழுக்கை ஏந்துவதற்காக மண்டபத்தின் நடுவே வைத்திருந்த சிவப்பு வாளியில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கூரையைத் திருத்த நகரசபையிடம் பணமில்லை என்பது எங்களுக்குப் பழகிப்போன செய்தி. ஆகவே கடிதமும் கூரையைப் பற்றியதாகவே இருக்கும் என்று எண்ணிக்கொண்டு, தமிழ்ப் பெற்றோருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வந்திருந்த நான் மிகவும் நிம்மதியாகத்தான் அன்று உட்கார்ந்திருந்தேன்.

அதிபர் ஜெர்மானியப் பெண்மணி. இந்தக் கோடையில் ஓய்வு பெற்று, வடக்கே கடலோரத்தில் வாழும் தமது தமக்கையாரிடம் போய்விட்டார். மழையோ பனியோ, காலையில் பாடசாலை வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி வரவேற்பது அவர் வழக்கம். எங்கள் பிள்ளைகளின் நீண்ட பெயர்களை மற்ற ஆசிரியர்கள் தங்கள் வசதிக்கேற்ப வெட்டிக் குறுக்கியபோது, அவர் மட்டும் என்னை அழைத்து, அசை அசையாகச் சொல்லச் சொல்லி, ஒரு சிறு கொப்பியில் எழுதிக்கொண்டார். நாங்கள் சனிக்கிழமைகளில் நடத்தும் தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு விழாவுக்கும் ஒருமுறை வந்தார். ஒரு சொல்லும் விளங்காத நாடகத்தை இறுதிவரை இருந்து பார்த்தார். இரண்டு றோல்ஸும் சாப்பிட்டுவிட்டு, போகும்போது என்னிடம் கேட்டார்: "இவ்வளவு நீளமான வசனங்களை மனப்பாடம் செய்யும் பிள்ளைகள், என் வகுப்பறையில் மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை?" கூச்ச சுபாவம் என்று சொல்லிச் சமாளித்தேன். அவரும் அதை நம்பினார்.

இந்நாட்டில் பாடசாலைக் கட்டடம் நகரசபையின் பொறுப்பு. ஆசிரியர்கள் மாநில அரசின் பொறுப்பு. வறுமை மிகுந்த, வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகள் மிகுந்த பாடசாலைகளுக்கு அரசு மேலதிக ஆசிரியர்களை அனுப்புவதுண்டு. எங்கள் பாடசாலையிலும் அவ்வாறு ஓர் ஆசிரியை இருந்தார். ஜெர்மன் மொழியில் பின்தங்கிய பிள்ளைகளைச் சிறு குழுவாக இருத்தி, பொறுமையாகப் படிப்பித்து வந்தார். அன்றைய கடிதம் மூன்று செய்திகளை அறிவித்தது. பதிவேட்டு விவரங்களைக் கொண்டு செய்த புதிய கணிப்பின்படி எங்கள் பாடசாலைக்கு அத்தகைய உதவி தேவையில்லை. அந்த ஆசிரியை அடுத்த ஆண்டு வேறோர் ஊருக்கு மாற்றப்படுவார். அத்தோடு, மாநிலமெங்கும் மூன்றாம் வகுப்புக்கு நடத்தப்படும் ஒப்பீட்டுத் தேர்வில், எம்மையொத்த சூழலிலுள்ள பாடசாலைகளுக்குள் நாங்கள் அடிமட்டத்தில் இருக்கிறோம்.

அதிபர் கண்ணாடியைக் கழற்றினார். "பதிவேட்டின்படி நமது பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் ஜெர்மன் பேசி வளர்பவர்கள். அவர்களுக்கே வாசிக்க வரவில்லையென்றால், குறை எங்கள் கற்பித்தலில்தான் இருக்கவேண்டும். பொறுப்பு என்னுடையது," என்றார்.

எனக்குப் பக்கத்தில் இருந்தவர் மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாயார்; மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்பவர். அந்த ஆசிரியையிடம் போகத் தொடங்கிய பிறகே அவருடைய மகள் ஒரு பக்கத்தைத் தடங்கலின்றி வாசிக்கப் பழகியிருந்தாள். இங்கு நான்காம் வகுப்பிலேயே, ஒரு பிள்ளை எவ்வகை மேற்பாடசாலைக்கு உரியது என்று பரிந்துரை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அந்தத் தாயாருக்கு இருந்தது ஓராண்டுதான். அதிபர் சொன்னதை நான் தாழ்ந்த குரலில் தமிழில் சொன்னபோது அவர் என்னை வியப்போடு பார்த்தார்.

"என்ன அண்ணை கதை இது? ஆருடைய வீட்டில ஜெர்மன் கதைக்கினமாம்? எங்கட வீட்டில ஜெர்மன் கதைக்கிறது ரீவி மட்டும்தான். அதையும் மனிசன் வந்தவுடன நிப்பாட்டிப்போடும்."

பின்வரிசையில் இரண்டு பெண்கள் சிரித்தனர். அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பு மெல்ல அடங்கியது.

"அண்ணை, பள்ளிக்கூடத்தில சேர்க்கேக்க போம் பேப்பரை நீங்கள்தானே நிரப்பித் தந்தனீங்கள். அதில வீட்டுப் பாஷை எண்டு என்ன எழுதினனீங்கள்?"

"ஜெர்மன்," என்றேன்.

"எல்லாருக்குமோ?"

"ஓம். எல்லாருக்கும்."

அதற்குப் பிறகு அதிபர் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கத் தொடங்கியபோது, என் கதிரையை எடுக்க வந்தவர் இரண்டு முறை கேட்டபின்னரே நான் எழுந்தேன்.

நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். அகதியாக இந்நாட்டுக்கு வந்து, இரும்பு வார்க்கும் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே, ஒரு பழைய அகராதியின் துணையால் ஜெர்மன் கற்றேன். எழுதப் படிக்க வந்ததும் மற்றவர்களுடைய படிவங்களை நிரப்பிக் கொடுப்பது என் தொண்டாயிற்று. தமிழர் மட்டுமல்ல, தொழிற்சாலைக் குடியிருப்பிலுள்ள துருக்கியரும் அரபியரும் என்னைத் தேடி வந்தார்கள். என் சொந்த மகளைப் பாடசாலையில் சேர்த்தபோது, வீட்டு மொழி என்ற இடத்தில் உண்மையையே எழுதினேன்: தமிழ். அவளை ஓராண்டு பின்தள்ளினார்கள். பின்னர் தாழ்ந்த பிரிவுப் பாடசாலைக்கு அனுப்பினார்கள். கணக்கில் அவளை மிஞ்ச அந்த வகுப்பில் ஒருவருமில்லை. அன்றிலிருந்து எவர் வந்தாலும், கேட்காமலே அந்த இடத்தில் ஜெர்மன் என்று எழுதினேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு, "தமிழ் எண்டு போட்டால் பிள்ளையைக் கடைசி வாங்கில இருத்திப்போடுவாங்கள்" என்று விளக்கமும் சொன்னேன். பிள்ளைகளுக்குக் கவசம் அணிவிப்பதாகவே நம்பினேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் அதே தமிழ்ப் பெற்றோரிடம், வீட்டில் தமிழைத் தவிர வேறு மொழி பேசக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னவனும் நான்தான். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்பது அந்தக் கூட்டம்வரை எனக்குத் தோன்றவேயில்லை.

மறுநாட் காலை, சந்திப்புக்கு டெர்மின் எதுவும் முன்கூட்டி எடுக்காமல், அதிபரின் அறைக்குச் சென்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அலுமாரியைத் திறந்து சேர்க்கைப் படிவங்களை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒவ்வொரு தாளிலும் ஒரே கையெழுத்து. ஒரே நீல மை. அவர் கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ நெடுநேரம் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இந்த ஆண்டு முழுவதும், பிள்ளைகளுக்கு வாசிக்க வரவில்லையென்று, என் ஆசிரியைகளைத்தான் குறை சொன்னேன்," என்றார் கடைசியில். "இருவர் இந்தக் கதிரையில் இருந்து அழுதார்கள். அவர்கள் நன்றாகத்தான் படிப்பித்திருக்கிறார்கள்."

படிவங்களைத் திருத்தலாம் என்றார். ஆனால் அரசு மறுமுறை கணிக்கும்வரை ஆசிரியை திரும்பி வரமாட்டார். அதற்குள் இப்போதைய மூன்றாம் வகுப்பு இங்கே இராது. என் மகளைப் பற்றியும் சொன்னேன். அவர் எழுந்து வந்து என் தோளில் கைவைத்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அவர் சொல்லாததை நானும் எதிர்பார்த்திருக்கக் கூடாது.

புதிய படிவங்களோடு வீடு வீடாகப் போனேன். பெரும்பாலோர் கையெழுத்திட்டனர். தமிழ்த் தகப்பன் ஒருவர் மட்டும் கதவிலேயே என்னை மறித்தார். "ஏலாது அண்ணை. தமிழ் எண்டு போட்டால் கடைசி வாங்கில இருத்திப்போடுவாங்கள்," என்றார். அப்படி நடவாது, காலம் மாறிவிட்டது என்றேன். "அப்ப எங்களை ஏன் இவ்வளவு காலமும் பேய்க்காட்டி ஏமாத்தினனீங்கள்?" என்று கேட்டார். படிவத்தை மடித்துக்கொண்டு படிகளில் இறங்கி வந்தேன்.

அடுத்த ஆண்டு அந்த ஆசிரியை போய்விட்டார். அதிபர் தாமே, பாடசாலை தொடங்குமுன் அரைமணி நேரம், அக்குழுவை இருத்தி வாசிக்க வைத்தார். நிர்வாக வேலையும் கூட்டங்களும் அந்த அரைமணிகளில் பலவற்றைத் தின்றன. அந்தச் சிறுமிக்குக் கிடைத்த பரிந்துரை, முன்னொரு காலத்தில் என் மகளுக்குக் கிடைத்த அதே வகைப் பாடசாலைக்குத்தான். அதை எழுதிய நாளில் அதிபர் என்னைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார். தாயார் என்னை ஒரு வார்த்தையும் ஏசவில்லை. வழியிற் கண்டால், "சுகமோ அண்ணை?" என்று முன்போலவே கேட்டார்.

அதிபரின் கடைசிச் சேர்க்கை நாளில், மொழிபெயர்ப்பு உதவிக்காக வழமைபோல என்னையும் அழைத்திருந்தார். அந்தத் தாயார் தம்முடைய இளைய மகளோடு வந்தார். அதிபர் ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். பல்லாண்டுப் பழக்கத்தில் என் கை தானாகவே அதை வாங்க நீண்டது.

"விடுங்கோ அண்ணை," என்றார் தாயார். குரலில் கோபமே இல்லை. "இதை நானே எழுதுறன்."

குனிந்து, ஒவ்வோர் எழுத்தாக, தாளின் மறுபுறம் தெரியுமளவுக்கு அழுத்தி எழுதினார். பிறந்த திகதியை ஒருமுறை பிழையாக எழுதி வெட்டினார். வீட்டு மொழி என்ற இடத்துக்கு வந்ததும் நிற்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. தமிழ் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனார். அதிபர் ஒருகணம் என்னைப் பார்த்துவிட்டு, பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல், மேசையிலிருந்த வெற்றுப் படிவங்களை அடுக்கத் தொடங்கினேன். அவை ஏற்கெனவே ஒழுங்காகத்தான் அடுக்கப்பட்டிருந்தன.