வாசித்துக் கொடுத்த வாக்கு

கொட்டாஞ்சேனையில் ஒரு ஹார்ட்வெயர் கடையில் சாமான் தூக்கியவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. இன்று அதே தெருவில் அதைவிடப் பெரிய கடை என்னுடையது. வெள்ளவத்தையில் கடல் பக்க ஒழுங்கையில் ஃபிளாட்டும் வாங்கினேன், யாருடைய தயவிலும் இல்லை.

ஃபிளாட்டோடு, லிஃப்டுக்குப் பக்கத்தில் வாகனம் நிறுத்த ஓர் இடமும் உறுதிப் பத்திரத்தில் எழுதித் தந்தார்கள். அதில் நாலாம் மாடிக்காரன் தன் இரண்டாவது காரைக் கொண்டுவந்து விட்டான். புறக்கோட்டையில் புடவைக் கடை வைத்திருப்பவன். என் வான் வண்டி தெருவில் மழையில் நனைந்தது. கட்டடக் கமிட்டியில் கேட்கப் போனால் அங்கே எல்லாம் இங்கிலீஷ். பாதிப் பேர் தமிழர்கள்தான், ஆனால் தமிழில் வாய் திறக்க மாட்டார்கள். நான் தமிழில் கேட்டதைச் சிரித்துக்கொண்டே அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினார்கள். நாலாம் மாடிக்காரன் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினான்.

அந்தக் கோபத்தில்தான் பக்கத்து ஊரான பாமன்கடையில் பெரியவர்களுக்கான இங்கிலீஷ் பேச்சு வகுப்பில் சேர்ந்தேன். வெள்ளவத்தையில் சேர்ந்தால் ஃபிளாட் முழுக்கத் தெரிந்துவிடும். உள்ளே போனால், பின்வரிசை வாங்கில் நாலாம் மாடிக்காரன்!

"முதலாளிக்கு இந்த வயசில என்ன இங்கிலீஷ்?" என்றான்.

"உம்மட யெஸ் எவ்வளவு தூரம் போகுதெண்டு பாக்க வந்தனான்."

வகுப்பில் முக்கால்வாசிப் பேர் வியாபாரிகள். டீச்சர் என் மகளைவிட இளையவள். பந்தை எறிந்து, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று இங்கிலீஷில் கேட்க வேண்டும். பிடித்தவன் பதில் சொல்ல வேண்டும். கடை கட்டி எழுப்பிய நான் பந்து எறிகிறேன்! பொறுக்காமல், எனக்கு வேண்டியது காரைப் பற்றிச் சண்டை பிடிக்கிற இங்கிலீஷ் என்று டீச்சரிடம் சொன்னேன்.

அடுத்த வகுப்பில் எல்லோருக்கும் சோடி சோடியாக அட்டை கொடுத்தாள். ஓர் அட்டையில் முறைப்பாடு, மற்றதில் பதில். மற்றவர்கள் தங்களுக்குள் சோடி சேர்ந்துவிட, எனக்கு அவன்தான் மிஞ்சினான்.

"யுவர் கார் இஸ் இன் மை பிளேஸ்!" என்று ஜன்னல் கண்ணாடிகள் அதிர வாசித்தேன்.

அவன் எழுத்துக் கூட்டினான். "சொறி. ஐ வில் மூவ் மை கார் டுமாரோ."

"வெரி குட்! மன்னியுங்கோ, நாளைக்கு என்ர காரை எடுக்கிறன் எண்டு அர்த்தம்," என்றாள் டீச்சர்.

நான் எழும்பினேன். "எல்லாரும் கேட்டீங்கள்தானே? நாளைக்கு எடுக்கிறாராம்."

"விசரே உமக்கு? அது பாடம்!"

"வாய் உம்மடதானே?"

புறக்கோட்டையில் லொறி லொறியாகச் சரக்கு வாய்ச்சொல்லில்தான் போகிறது. ஒருமுறை சொல்லை மாற்றினவனுக்கு அடுத்த முறை ஒருவனும் சாமான் கொடுக்க மாட்டான். வகுப்பில் இருந்த, மருதானையில் மோட்டார் உதிரிப்பாகம் விற்கும் முஸ்லிம் முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். "இத்தின யாவாரிமார்ட முன்னுக்கு செல்லிட்டீங்களே முதலாளி. இனி என்ன செய்ற?"

அவன் முகம் கறுத்தது. நன்றாகக் கறுக்கட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இப்ப அட்டையை மாத்துங்கோ அங்கிள்," என்றாள் டீச்சர்.

அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது. தன் பதில் அட்டையை என் மூக்குக்கு முன்னால் நீட்டினான். "வாசியும்."

வாசித்தால் என் இடம் போய்விடும். 'நாளைக்கு எடுக்கிறன்' என்ற சொல் என் வாயாலும் வந்ததாகிவிடும். அட்டையைக் கவிழ்த்து வைத்தேன்.

"கண்ணாடி கொண்டுவரேல்ல."

"அப்ப மூக்கில இருக்கிறது என்ன?"

குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் காலை லிஃப்டுக்குப் பக்கத்து இடம் வெறுமையாக இருந்தது. வானைக் கொண்டுபோய் விட்டேன். அதற்குப் பிறகு நான் வகுப்புக்குப் போகவில்லை. போனால் அந்த அட்டையோடு காத்திருப்பான். அவன் விடாமல் போகிறான். இப்போது கமிட்டியில் யெஸ்ஸைத் தாண்டி இரண்டு மூன்று வரி பேசுகிறான், என்னைப் பார்த்துக்கொண்டே. பேசட்டும். நான் வான் சாவியை மேசையில் எல்லோருக்கும் தெரிய வைத்துவிட்டு, வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.