திரையில் அப்பாவின் பெயர்

ஈரத் துணியை யாரோ சரக்கென்று கிழிப்பதுபோல ஒரு சத்தம், பிறகு கொஞ்சம் அமைதி, மறுபடியும் ஒரு கிழிசல். தூத்துக்குடியில் எங்கள் வீட்டு மாடியறையில் என் சிறுவயது முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது இதுதான். அப்பா அமெச்சூர் ரேடியோ உரிமம் வாங்கியவர். பகலெல்லாம் தோணிக்காரர்களுக்குக் கயிறும் பெயிண்டும் விற்றுவிட்டு வந்து, ரேடியோவையும் கணினியையும் ஒரு சின்னப் பெட்டியால் இணைத்து, தட்டச்சு செய்த எழுத்துகளைக் காற்றில் அனுப்பிக்கொண்டிருப்பார். அந்தப் பெட்டிக்கு எங்கள் வீட்டில் "கொறட்டை" என்று பெயர். அம்மாவும் அவருடைய நச்சரிப்புத் தாங்காமல் பரீட்சை எழுதி உரிமம் வாங்கியிருந்தாள். ஆனால் அவள் அந்த அறைக்கு வருவதெல்லாம் பெருக்குவதற்குத்தான்.

திருநெல்வேலியில் அப்பாவின் நண்பர் ஒருவர் வைத்திருந்த கணினிதான் இந்தப் பக்கத்து ரேடியோக்காரர்கள் எல்லாரும் வந்து கூடும் இடம். அதில் நுழைந்து ஒற்றை எழுத்தைத் தட்டினால், அந்நேரம் யார் யார் இணைப்பில் இருக்கிறார்கள் என்று அவரவருக்குப் பெயர்போல இருக்கும் அழைப்புக்குறி திரையில் வரிசையாக விழும்.

தொண்ணூறுகளில் ஒரு கார்த்திகையில் புயல் அடித்து, காயல்பட்டினத்தில் டெலிபோனும் கரண்டும் போய், அங்கிருந்து தகவல் வர வழியில்லாமல் போனபோது, அப்பா தன்னுடைய இன்னொரு ரேடியோ, கணினி செட்டையும் லாரி பேட்டரியையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அங்கே கிளம்பினார். அவருடைய சிநேகிதர் சுலைமான் மாமாவின் வீட்டு மாடியில் செட்டை வைப்பதாக ஏற்பாடு. "லிஸ்ட்ல எம் பேரு இருந்தா நான் நல்லாருக்கேன்னு வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நண்பகலில் அவர் பெயர் வந்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு மேலே வந்து உட்கார்ந்தாள். "சாப்பிட்டீங்களா?" என்று ஆங்கில எழுத்துகளில் தட்டி அனுப்பினாள். பதில் இல்லை. மறுபடி கேட்டாள். அப்போதும் இல்லை. பட்டியலைப் பார்த்தால் பெயர் மட்டும் அசையாமல் நின்றது.

"பேரு இருக்கு, ஆளக் காணமே ஏளா" என்றாள் என்னிடம். திருநெல்வேலிக்காரரைக் கேட்டாள். இணைப்பைத் துண்டிக்காமல் எழுந்து போய்விட்டாலும் பெயர் கொஞ்ச நேரம் அப்படியேதான் நிற்கும் என்று அவர் எழுதினார். அதற்குப் பிறகு அந்தப் பெயரைப் பார்ப்பதே எனக்குப் பயமாக இருந்தது. சற்று நேரத்தில் அதுவும் இல்லாமல் போயிற்று.

அம்மா விடாமல் தட்டினாள். பட்டியல் வந்தது; அவர் இல்லை. மறுபடி தட்டினாள், இல்லை. அப்போதுதான் திருநெல்வேலியிலிருந்து அந்த வரி வந்தது: "தங்கச்சி, தப்பா நினைக்காதீங்க. எல்லாருக்கும் ஒரே அலைவரிசைதான். நீங்க கேட்டுக்கிட்டே இருந்தா, ஆஸ்பத்திரிச் செய்தியெல்லாம் நின்னுபோகுது." அம்மா கையை வெடுக்கென்று எடுத்து மடியில் வைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அழுத்திக்கொண்டாள். காற்றில் ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டன. கண்ணெதிரே விசைப்பலகை இருந்தும் கேட்கக்கூடாது. "நான் ஒரு தடவ தட்டட்டாம்மா?" என்றதற்கு, "வேண்டாம்ளா. அந்தச் செய்திக்கும் ஒரு பொண்டாட்டி காத்துக்கிட்டுல்லா இருப்பா" என்றாள்.

விளக்கேற்றும் நேரத்தில், நாங்கள் கேட்காமலே திருநெல்வேலிக்காரர் எழுதினார்: "அண்ணாச்சி பேர் திரும்ப வந்திருக்கு." நான் கத்தியேவிட்டேன். அம்மா மட்டும் நம்பவில்லை. பெயரிடம் ஒருமுறை ஏமாந்தவள், வேறு யாராவது அந்தச் செட்டைத் திறந்திருக்கலாம் என்று நினைத்தாளோ என்னவோ, "நம்ம கல்யாணத்தன்னைக்கு எதத் தொலச்சீங்க?" என்று கேட்டு அனுப்பினாள்.

பதில் வர எவ்வளவு நேரம் ஆயிற்றென்று சொல்லத் தெரியவில்லை. என் தோளைப் பிடித்திருந்த அம்மாவின் விரல்கள் வலித்தன.

"செருப்பு. எடுத்தது ஒன் தம்பிதான்னு இப்பவும் சொல்லுதேன்."

அம்மா சிரிக்கத் தொடங்கி அழுகையில் முடித்தாள்.

இரண்டு நாள் கழித்து வலதுகையில் கட்டோடு அப்பா வந்து இறங்கினார். பக்கத்துச் சந்தில் சுவர் இடிந்து ஒரு கர்ப்பிணிப் பெண் மாட்டிக்கொள்ள, அவரும் சுலைமான் மாமாவும் செட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். அவளை நாற்காலியில் உட்காரவைத்து இடுப்பளவுத் தண்ணீரில் தூக்கி வந்தபோது வழுக்கி விழுந்து அப்பாவுக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. எங்களுக்கு வந்த பதிலை இடதுகையின் ஒரே விரலால் தட்டியிருக்கிறார். அந்தப் பெண்ணுக்குச் சுலைமான் மாமா வீட்டிலேயே மகன் பிறந்தான்.

இன்று அந்த வலைப்பின்னல் இல்லை. மாடியிலிருந்த ஆன்டெனா கம்பத்தைத் துரு தின்றுவிட்டது. திருநெல்வேலிக்காரர் போய்விட்டார். போன வருடம் அப்பாவும் போய்விட்டார். அவருடைய கைப்பேசியை அம்மா வைத்துக்கொண்டிருக்கிறாள். சென்னையில் அலுவலகத்தில் இருக்கும்போது சில சமயம் என் கைப்பேசியில் அப்பாவின் சிரித்த முகமும், கீழே "ஆன்லைன்" என்ற சொல்லும் தெரியும். ஒரு கணம் ஏதோ தட்டப் போய், பிறகு அம்மாதான் என்று விரலை எடுத்துக்கொள்வேன்.

"அந்தப் படத்தயாவது மாத்தேம்மா" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"இருந்துட்டுப் போட்டும்ளா" என்றாள்.