உறவினர் வராத ஏரிக்கரை

ஐரோப்பாவில் எனக்குத் தெரிந்த இடங்கள் எல்லாமே மண்டபங்கள். பாரிஸ் என்றால் ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கல்யாண மண்டபம். லண்டன் என்றால் ஒரு சாமத்திய வீடு, பெண்பிள்ளை பெரியவளான சடங்கு; பிள்ளையை ஹெலிகொப்டரில் கொண்டுவந்து இறக்கப்போவதாகச் சொல்லி, காற்று அதிகமென்று கடைசியில் சித்தப்பாவின் காரில் இறக்கினார்கள். சூரிச்சில் மண்டபத்தின் வாகனத் தரிப்பிடம் நிலத்துக்குக் கீழே இருந்தது. கீழேயிருந்து நேராகப் படியேறிப் போய், சாப்பிட்டு, படம் எடுத்து, அதே படியால் இறங்கி வந்துவிட்டோம். சூரிச்சில் வானம் உண்டா என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது.

ஜெர்மனிக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. இத்தனை காலத்தில் நானும் என் கணவரும் பட்டுச்சேலையும் கோட்டும் இல்லாமல் ஒரு பயணம் போனதில்லை.

நாங்கள் போகாத நாட்களில் மற்றவர்கள் எங்களிடம் வருவார்கள். எங்கள் வீடு ஹம் நகரத்தில், அம்மன் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. வாங்கும்போது அதை ஒரு பெருமையாகத்தான் நினைத்தோம். தேர்த் திருவிழா வந்தால் டென்மார்க், ஹொலண்ட், பிரான்ஸ் என்று எல்லாத் திசையிலிருந்தும் சொந்தக்காரர் வந்து இறங்குவார்கள். அம்மனைத் தரிசிக்க வருகிறவர்கள் எல்லோரும் எங்கள் குளியலறையையும் தரிசித்துவிட்டுத்தான் போவார்கள்.

நான் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலை செய்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன், திருவிழா வாரத்தில், இரவு வேலை முடித்து விடியற்காலையில் வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தது என் கணவரின் ஏதோ ஒரு தூரத்து உறவுப் பெண். என்னுடைய வீட்டு உடுப்பைப் போட்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வாங்கோ, வாங்கோ. கோயிலுக்கு வந்தனீங்களோ? தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்றார்.

நானும் "ஓம்" என்று சொல்லி, என் வீட்டுச் சமையலறையில் விருந்தாளியாக உட்கார்ந்து அவர் தந்த தேநீரைக் குடித்தேன். சீனி போதாது. கேட்க வெட்கமாக இருந்தது.

விருந்தினர் எல்லோரும் போன பிறகு என் கணவரிடம் சொன்னேன். "இஞ்சேருங்கோ, எனக்கு ஒரு இடம் வேணும். வருசம் முழுக்க நினைச்ச நேரம் ஓடிப்போற மாதிரி. அங்க எங்கட ஆக்கள் ஒருத்தரும் இருக்கக் கூடாது."

அவர் கம்பித் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். எதையும் அளந்து பார்க்காமல் பேசமாட்டார். விரல்விட்டு ஒவ்வொரு நாடாக எண்ணிவிட்டு, "நோர்வேயிலயும் இருக்கினம். ஐஸ்லாந்திலயும் ஒரு குடும்பம் இருக்காம். கஷ்டம்தான்" என்றார்.

வழி காட்டியது என்னோடு வேலை செய்யும் ஒரு பெண். அவள் தெற்கைச் சேர்ந்தவள். போடன்சே ஏரிக்குப் போங்கள் என்றாள். சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம், எதிர்க்கரை சுவிஸ், பின்னால் அல்ப்ஸ் மலை, எந்தப் பருவத்திலும் அழகு என்றாள். அங்கே தமிழர் இருக்கிறார்களா என்று கேட்டேன். நான் துணைக்கு ஆள் தேடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "பயப்படாதே, எங்காவது இருப்பார்கள்" என்று ஆறுதல் சொன்னாள்.

என் கணவருக்குப் பிடித்தது வைன் சங்கதி. அவர் குடிக்கமாட்டார். அதைக் கொள்கை என்று அவர் சொல்லுவார். ஒருமுறை குடித்துவிட்டு என் அண்ணனின் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்துப் பாடியதன் விளைவு என்று நான் சொல்லுவேன். "வைன் விளையிற ஊரில எங்கட சனம் கோயில் கட்டாது. கோயில் இல்லாட்டி ஆக்கள் வரமாட்டினம். நல்ல இடம்" என்றார். அவர் கணக்கில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை.

திட்டம் போடத் தொடங்கினோம். ஜெர்மன்காரருக்கு ஓய்வெடுப்பதும் ஒரு அலுவலக வேலை. அடுத்த வருடம் எந்த வாரத்தில் களைத்துப்போவேன் என்பதை இந்த வருடமே முடிவுசெய்து இல்லத்தில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். வசந்தத்தில் ஆப்பிள் பூ, கோடையில் குளிப்பு, இலையுதிர் காலத்தில் திராட்சை என்று பிரித்தோம். குளிர்காலத்துக்கு என்ன என்று கேட்டேன். "அல்ப்ஸ் தெரியும்" என்றார். கோடையில் குளிப்பு என்று சொன்னவருக்கு நீந்தத் தெரியாது என்பதை நான் எடுத்துச் சொல்லவில்லை. திட்டம் போடும்போது மனிதரைக் குழப்பக் கூடாது.

ஒரு திராட்சைத் தோட்டக்காரியின் வீட்டில் மேல்மாடி அறை கிடைத்தது. வருடத்துக்கு நான்கு தடவை, எப்போதும் அதே அறை என்று பேசி முடித்தோம். பேசியது என் கணவர். தொலைபேசியை வைத்துவிட்டு, "அந்த மனிசி கதைக்கிறது ஜெர்மன்தானோ எண்டு எனக்குச் சந்தேகமாக் கிடக்கு. எல்லாத்துக்கும் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்" என்றார்.

முதல் பயணம் செப்டம்பர் கடைசியில். காரின் பின்பக்கத்தில் சோறு அவிக்கும் மின்சாரப் பானை, யாழ்ப்பாணத்துக் கறித்தூள், தேங்காய்ப்பால் தகரங்கள், ஒரு சாக்கு வெங்காயம், ஒரு அம்மிக்குட்டி. புகலிடம் கேட்டு இந்த நாட்டுக்கு வந்தபோது இதில் பத்தில் ஒரு பங்குகூடக் கொண்டுவரவில்லை.

வீட்டுக்காரிக்கு எழுபது வயதிருக்கும். குட்டைத் தலைமயிர், முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து. கைகுலுக்கி, மேலே அறையைக் காட்டி, நாளை காலை பழம் வெட்டத் தொடங்குகிறோம், கொஞ்சம் சத்தமாக இருக்கும், மன்னிக்க வேண்டும் என்றார். ஜன்னலுக்கு வெளியே தோட்டம் சரிந்துபோய் ஏரியில் முடிந்தது. அவ்வளவு தண்ணீரைப் பார்த்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஜன்னலடிக்குப் போய் நின்றேன். என் கணவர் கட்டிலை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் கண் விழித்தபோது அவரைக் காணவில்லை. ஜன்னலால் பார்த்தேன். திராட்சை வரிசைகளுக்கு நடுவே போலந்துப் பெண்கள் சிலர் குனிந்து பழம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே பழைய நீல ஜக்கெட்டில் ஒரு மனிதர், மற்ற எல்லோரையும்விட வேகமாக வெட்டிக்கொண்டிருந்தார். என்னுடையவர்.

மத்தியானம் சேறு அப்பிய காலோடு மேலே வந்தார்.

"அங்க என்ன செய்தனீங்கள்?"

"சும்மா பாப்பமெண்டு இறங்கினன். டிராக்டரில இருந்த பெடியன் கத்திரிக்கோலையும் வாளியையும் தந்தான்."

"நான் வேலையாள் இல்லை எண்டு சொல்லேல்லையோ?"

"அவன் கேக்கேல்லையே."

"தந்தா வேண்டுறதோ?"

"இந்த நாட்டில ஆராவது வேலை தந்தா வேண்டித்தானே பழக்கம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீர் நம்பமாட்டீர், நல்ல சந்தோசமா இருந்துது. நான் போடுறது சரியோ எண்டு ஒரு மெஷினும் பாக்கேல்லை" என்றார்.

நான் கோபப்படத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் சாப்பிட்டுவிட்டு அவர் மறுபடி கீழே போனபோது தடுக்கவில்லை. அறை முழுக்க எனக்கே கிடைத்தது.

விஷயம் வீட்டுக்காரிக்குத் தெரிந்தது பின்னேரம்தான். டிராக்டர் ஓட்டியது அவருடைய மகன். தாய் அவனைத் திட்டிய சத்தம் மாடி வரைக்கும் கேட்டது. அந்த ஒருமுறை மட்டும் அவருடைய ஜெர்மன் எனக்கு முழுதாக விளங்கியது. பரிகாரமாக எங்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். முற்றத்து நீள மேசையில் வேலையாட்களோடு உட்கார்ந்தோம். சுடச்சுட வெங்காய ரொட்டியும், சாடி நிறையக் கலங்கலாக ஒரு பானமும் வந்தன.

என் கணவர் பானத்தைச் சந்தேகமாகப் பார்த்து, "இது திராட்சைச் சாறுதானே?" என்று கேட்டார்.

"கிட்டத்தட்டச் சாறுதான்" என்றார் வீட்டுக்காரி.

முதல் வாயிலேயே எனக்கு விளங்கிவிட்டது. இனிப்பு, நாக்கில் நுரைக்கிற ஒரு சிறு சுறுக்கு, அடியில் ஒரு புளிப்பு. பழச்சாறு வைனாக மாறுவதற்கு நடுவழியில் நிற்கிற சாமான் அது. பதமாக இறக்கிய கள் மாதிரி இருந்தது. "இஞ்சேருங்கோ, இது கள்ளுச் சாதி" என்று காதுக்குள் சொன்னேன்.

"அவ சாறு எண்டுதானே சொன்னவ."

"கிட்டத்தட்ட எண்டவ."

"அவையின்ர ஊரில வந்து நிண்டு அவையின்ர சொல்லைச் சந்தேகப்படக் கூடாது" என்று சொல்லி இரண்டாவது குவளையை நீட்டினார். மூன்றாவதை அவராகவே ஊற்றிக்கொண்டார்.

அதன் பிறகு அவருக்கு உலகத்தின் மேல் பெரிய அன்பு வந்துவிட்டது. டிராக்டர் பையனைக் கட்டிப்பிடித்தார். போலந்துப் பெண்களுக்கு அம்மிக்குட்டியைக் கொண்டுவந்து காட்டினார். நான் அதைத் திருப்பி வைக்க மாடிக்குப் போய் வருவதற்குள் பாரிஸில் இருக்கும் தமையனுக்கு வீடியோ அழைப்பு எடுத்துவிட்டார். கையை உயர்த்தி, ஏரியை, தோட்டத்தை, எதிர்க்கரை வெளிச்சத்தை எல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, சொர்க்கமண்ணை! வருசத்துக்கு நாலு தரம் வாறம். எல்லாரும் வாங்கோ! அறை காணும், பாய் விரிச்சுப் படுக்கலாம்!"

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த நாள் தலையைப் பிடித்துக்கொண்டு, "அந்தச் சாறு பழுதாப் போயிருக்கும்" என்றார். நான் வெங்காயச் சாக்கைக் காரில் ஏற்றினேன். ஹம்முக்குத் திரும்பும் வழியெல்லாம் தொலைபேசி அடித்தபடி இருந்தது. பாரிஸ் தமையன், எனக்கு அத்தான், வசந்தத்தில் வருவதாகச் சொன்னார். டென்மார்க்கில் ஒருவர் பத்துப் பேர் ஏறுகிற வான் வண்டியே வாடகைக்குப் பேசிவிட்டாராம்.

அந்த நேரத்தில்தான் வேலையிடத்துத் தெற்குப் பெண் ஒரு தகவலைச் சாதாரணமாகச் சொன்னாள். நவம்பரில் மட்டும் அங்கே போகாதே, மூடுபனி வந்தால் நாட்கணக்கில் ஏரியே தெரியாது என்றாள். எந்தப் பருவத்திலும் அழகு என்று முன்பு சொன்னது அவளேதான். இருந்தாலும் அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

அன்று பின்னேரமே பாரிஸுக்கு எடுத்தேன். "அத்தான், வசந்தத்தில சனம் கூடவாம். நவம்பர் கடைசியில வாங்கோ. அப்பதான் அந்த இடம் நல்ல வடிவு."

என் கணவர் சோபாவிலிருந்து என்னைப் பார்த்தார். அல்ப்ஸ் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தார். பிறகு தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டார். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் எப்போது பேசக்கூடாது என்று அவருக்குத் தெரியும்.

அத்தானும் அவருடைய மனைவியும் நவம்பரில் காரில் வந்தார்கள். அத்தானின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பாரிஸில் கணவரின் கடையையும் வீட்டையும் நான்கு பிள்ளைகளையும் ஒரே கையால் பார்த்தவர். எந்தக் கொண்டாட்டத்திலும் அவர் உட்கார்ந்து நான் கண்டதில்லை. பெரிய குளிர்ப்பெட்டி நிறைய மீன்பொரியலும் கட்லட்டும் கொண்டுவந்திருந்தார்.

மூடுபனி என்னை ஏமாற்றவில்லை. முற்றத்தில் நின்றால் வாசல் கேற் தெரியாது. கரைக்குப் போனோம். அத்தான் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு வெள்ளையை உற்றுப் பார்த்தார். எங்கோ ஒரு கப்பல் ஊதியது.

"தம்பி, ஏரி எங்கையடா?"

"உதிலதான் அண்ணை கிடக்கு."

"எதில?"

"நீங்கள் பாத்துக்கொண்டு நிக்கிற இடத்திலதான்."

கடைகள் பூட்டு. வைன் விடுதிகளும் பூட்டு. படகுச் சவாரி இடத்தில் ஒரு பலகை மட்டும் தொங்கியது, வசந்தத்தில் சந்திப்போம் என்று. அத்தான் இரண்டு நாளும் அறையில் இருந்து தொலைபேசியில் எல்லோருக்கும் முறைப்பாடு செய்தார். "பாவமடா, இவங்களை ஆரோ நல்லா ஏமாத்திப்போட்டாங்கள். இஞ்ச ஏரி எண்டு ஒண்டும் இல்லை. வீடியோவில காட்டினது என்னெண்டு தெரியேல்லை." செய்தி லண்டனுக்கும் டென்மார்க்குக்கும் போய், கனடா வரைக்கும் சேர்ந்தது. வான் பேசியவர் முற்பணத்தைத் திருப்பிக் கேட்டதாக அறிந்தேன். எனக்கு வாழ்க்கையில் ஒரு திட்டம் முழுதாகச் சரிவந்தது அதுதான் முதல் தடவை.

அக்காவைப் பற்றி நான் அப்போது யோசிக்கவில்லை. வந்த அன்றே அவர் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்தார், தூங்கிவிட்டார். எழும்பிச் சாப்பிட்டார்; மறுபடி தூங்கினார். களைப்பு என்று நினைத்தேன். போகும்போது ஏரி தெரியாததற்கு நான் பொய்யாக வருத்தம் சொன்னேன். அவர் என் கையை அழுத்திவிட்டுக் காரில் ஏறினார்.

அடுத்த கோடையில் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. எப்போதும் அத்தானின் குரல் பின்னால் கேட்கும், அன்று கேட்கவில்லை.

"அந்த ஒண்டும் தெரியாத இடம் இருக்கெல்லே," என்றார் மெதுவாக. "இந்த நவம்பரும் போறீரோ?"

"போவம் அக்கா. ஏன்?"

"நானும் வரட்டோ? இவரில்லாமல். ஆருக்கும் சொல்லாதையும். அங்க ரெண்டு நாளும் ஒருத்தரும் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை. வெளிய போவம் எண்டு சொல்லவும் இவருக்கு வழியில்லை. எனக்கு அப்பிடி ஒரு நித்திரை வந்து எத்தினை வருசம்."

ஒருத்தரும் வரக்கூடாது என்று இவ்வளவு பாடுபட்டவள் நான். ஒரு நொடிகூட யோசிக்காமல் "வாங்கோ" என்றேன்.

என் கணவரிடம் இந்த நவம்பர் அவர் வரத் தேவையில்லை என்று சொன்னேன். முகத்தில் கொஞ்சம் கவலை காட்டினார். ஆனால் அன்றைக்கே தன் சிநேகிதரை வீட்டுக்குச் சீட்டாடக் கூப்பிட்டுவிட்டார்.

அக்கா பாரிஸிலிருந்து ரயிலில், ஒரு சின்னப் பையோடு வந்து இறங்கினார். குளிர்ப்பெட்டி இல்லை. "சமைக்கேல்லை. கோவிக்காதையும்" என்றார். வீட்டுக்காரி தன் தோட்டத்து வெள்ளை வைன் ஒரு போத்தலைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மேலே மலைக்குப் போனால் பனிக்கு மேலே நல்ல வெயில் இருக்கிறது, அல்ப்ஸ் முழுக்கத் தெரியும், கட்டாயம் போய்ப் பாருங்கள் என்றார். நாங்கள் போகவில்லை.

அக்கா காலை ஹீற்றர் மேல் வைத்துக்கொண்டு போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எப்பிடி இருக்கும்?"

"புளிக்கும் அக்கா."

"குடிச்சால் பாட்டு வருமோ?"

"அண்ணேன்ர கலியாணத்தில இவருக்கு வந்தது."

அவர் சிரித்துக்கொண்டே எழுந்துபோய்த் தேநீர்க் கோப்பைகள் இரண்டை எடுத்துவந்தார்.