சிலோன் சார் வீட்டுத் தீபாவளி

யாழ்ப்பாணத்திலிருந்து கணக்கு வாத்தியாராகச் சிவகாசிக்குப் போய் இறங்கிய நாளில், தெருக்காரர்கள் எனக்குச் சரவெடி கொளுத்தி வரவேற்புக் கொடுத்தார்கள். குதிரை வண்டியிலிருந்து ஒரு காலை இறக்கியிருந்த நான் அந்தக் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு, வண்டியைத் திருப்பச் சொன்னேன். அன்றே ‘சிலோன் சார்’ என்று பெயர் விழுந்தது. என் வீரத்தையும் ஊர் அளந்துவிட்டது. வெடிச்சத்தத்துக்கு நடுங்குகிறவன் பிழைக்கத் தேர்ந்தெடுத்த ஊர் சிவகாசி என்றால், நான் சொல்லிக்கொடுத்த கணக்கு எந்த லட்சணத்தில் இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுவருஷம் மனைவியும் வந்து சேர்ந்தாள். அதற்கடுத்த ஐப்பசியில் மகள் பிறந்தாள், மாதம் நிறையாமலே. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்தால் போதும், அவளுக்குப் படுக்கை. அழுதால் பூனைக்குட்டி முனகுவது போலிருக்கும். எதிர்வீட்டில் மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் இருந்தார். நாங்கள் அக்கா என்போம். காலையும் மாலையும் வந்து பார்ப்பார். பால் குடிக்கவும் தூங்கவும்தான் பிள்ளைக்குத் தெம்பிருக்கிறது, திடுக்கிட்டு விழிக்க விடாதீர்கள் என்றார். தீபாவளி அந்த வாரமே வந்தது.

சிவகாசித் தெருவில் நின்று, தீபாவளிக்கு வெடிக்காதீர்கள் என்று ஒரு வெளியூர்க்காரன் எப்படிக் கேட்பது? சீசன் முடிந்து கம்பெனி சாத்தும்போது வேலையாட்களுக்கு ஆளுக்கொரு கட்டு வெடி கொடுப்பார்கள். வருஷம் முழுக்க யாருக்கோ வெடி செய்த கைகள் தங்களுக்கென்று கொளுத்துவது அந்த ஒரு காலையில்தான். ஆகவே எனக்கே உரிய புத்திசாலித்தனத்தோடு பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடம் போனேன். அவர் வெடிக் கம்பெனியில் ஃபோர்மேன். குடும்பத்தோடு போய்த் தங்க, இந்தப் பக்கத்தில் வெடிச்சத்தம் கேட்காத ஊர் எது என்று விசாரித்தேன்.

அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு என் வேட்டிவரைக்கும் வந்தது.

“விஸ்வநத்தத்துல இதுக்கு மேல வெடிப்பாக. சாத்தூர்லயும் விட மாட்டாக. பேசாமக் கப்பலேறி உங்க ஊருக்கே போயிருங்க சார்.”

“பிள்ளைக்காகத்தான் கேட்டனான், அண்ணாச்சி,” என்றேன்.

சிரிப்பு நின்றது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். மனிதரைப் புண்படுத்திவிட்டேன் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து ஜன்னல் இடுக்குகளில் பழந்துணி திணித்தேன். தொட்டிலைச் சமையலறைக்கு மாற்றினேன். அங்கே புகை என்று மனைவி திருப்பி மாற்றினாள்.

தீபாவளி விடிந்தது. பிள்ளையின் காதுகளைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தேன். சத்தமே இல்லை. கதவை லேசாகத் திறந்து பார்த்தேன். வெடிக்கட்டுகளைத் தலையிலும் இடுப்பிலும் சுமந்துகொண்டு, தெருவே ஊருக்கு வெளியிலிருந்த பொட்டலுக்குப் போய்க்கொண்டிருந்தது. செருப்பைக்கூடக் கையில் பிடித்திருந்தார்கள். எங்கள் வாசலைக் கடக்கும்போது, பின்னால் வருகிறவர்களைப் பார்த்து அண்ணாச்சி உதட்டில் விரல் வைத்தார். சிறிது நேரம் கழித்து, வெகு தூரத்தில் சோளம் பொரிவது போலக் கேட்டது. மகள் தூங்கினாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு எண்ணெய்க் குளியலுக்குப் போனதுதான் தப்பு. வழுக்கிய கையிலிருந்து பித்தளைத் தவலை நழுவி, முற்றத்துக் கல்லில் விழுந்து, உருண்டு, சுவரில் மோதி, மறுபடியும் உருண்டது.

அப்போதுதான் பொட்டலிலிருந்து திரும்பியிருந்த தெரு, மொத்தமாக எங்கள் வாசலில் வந்து நின்றது. எதிரே நான், தலையில் எண்ணெயும் இடுப்பில் துண்டுமாக.

“ஏன் சார், நாங்க அம்புட்டு வெடியையும் பொட்டலுக்குச் சுமந்துட்டுப் போனா, நீங்க வீட்டுக்குள்ளயே அணுகுண்டு போடுதீகளே,” என்றார் அண்ணாச்சி.

உள்ளே மகள் அழுதுகொண்டிருந்தாள். தொண்டை திறந்து, கோபத்தோடு, தெருமுனைக்குக் கேட்கிற அழுகை. அப்படி அவள் அழுது நாங்கள் கேட்டதில்லை. அக்கா ஓடிவந்து தூக்கினார். நெஞ்சில் காது வைத்துப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார்.

“இம்புட்டுத் தெம்பு வந்துட்டு. இனி பயமில்ல சார். நீங்க போயித் தலையக் களுவுங்க.”

வாசலில் ஒருவரும் நகரவில்லை. என் மகள் அழுவதைச் சிரித்தபடி கேட்டுக்கொண்டு நின்றார்கள். அண்ணாச்சி வீட்டம்மா அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்துவிட்டு வந்து நின்றிருக்கிறார் போல. அன்று எங்களுக்கு வந்த அதிரசமெல்லாம் ஒரு பக்கம் கருகியிருந்தது.