மதீனாவுக்கு ஐந்து டிக்கட்

புத்தளம் ஸ்டேஷனில் டிக்கட் எடுக்க யாருக்கும் எந்தக் கெட்டித்தனமும் தேவையில்லை. ஜன்னலுக்குள் காசை நீட்டி "சிலாபம் ரெண்டு" என்றால் போதும். வண்டி வந்ததும் லேஞ்சியை, அதுதான் கைக்குட்டையை, எறிந்து இடம் பிடிப்பது நம்முடைய பாடு. மகளைச் சிலாபத்தில் கட்டிக்கொடுத்த பிறகு நானும் என் வீட்டுக்காரரும் மாதத்துக்கு ஒரு தடவையாவது இப்படித்தான் போய் வந்தோம். ஆகவே மக்காவிலிருந்து மதீனாவுக்கு ரயிலில், எங்கள் பேச்சில் கோச்சியில், போகலாம் என்று மருமகன் சொன்னபோது நான் பெரிதாக ஒன்றும் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

நாங்கள் ஐந்து பேர் ஒரு குழுவோடு உம்ராவுக்குப் போயிருந்தோம். நான், என் வீட்டுக்காரர், மகள், மருமகன், மருமகனின் உம்மா. அந்த உம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிலாபத்தில் தேங்காய் வியாபாரம் செய்த பெரிய குடும்பம். கணவர் மௌத்தாகி நாலு வருஷம். முழங்கால் வருத்தம். அளந்துதான் கதைப்பார். என் மகளை நன்றாக வைத்திருந்தார், அதில் ஒரு குறை சொல்ல மாட்டேன். என்னிடம் மரியாதைக்குக் குறைவிருக்கவில்லை, நெருக்கத்துக்கும் வழியிருக்கவில்லை. நாங்கள் போனால் நல்ல கோப்பையை எடுத்துத்தான் தேத்தண்ணீர் தருவார்.

அவரிடம் நான் ஒரு விஷயத்தை மறைத்திருந்தேன். ஜித்தாவில் ஒரு வீட்டில் பதினொரு வருஷம் வேலைக்காரியாக இருந்தவள் நான்.

தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து கட்டிய துணியோடு வந்து, கற்பிட்டி வீதியில் ஓலைக் கொட்டிலில் இருந்தோம். வீட்டுக்காரர் சைக்கிளில் கருவாடு விற்றார். அந்த வருமானத்தில் ஒருவர் சாப்பிடலாம், நாங்கள் மூன்று பேர். மகளுக்கு நாலு வயது நடக்கும்போது நான் விமானம் ஏறினேன். இடையில் இரண்டே இரண்டு தடவை வந்து போனேன். யுத்தம் முடிந்த செய்தியைக்கூட அந்த ஜித்தா வீட்டுக் குசினிக்குள் நின்றுகொண்டு, கூடத்தில் ஓடிய டீவியில் எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பிறகு வந்து சேர்ந்தேன். இப்போதுள்ள ஓட்டு வீடு, மகளின் படிப்பு, அவளுடைய நகை எல்லாம் அந்தப் பதினொரு வருஷம்தான்.

எங்கள் பக்கத்தில் இது ஒரு விஷயமே இல்லை. வீட்டுக்கு வீடு போனவர்கள்தான், யார் யாரைக் குறைவாகப் பார்ப்பது? ஆனால் சிலாபத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் அப்படியில்லை. "தாய் வெளிநாடு கிளிநாடு போனவவோ?" என்று அவர்களில் ஒருவர் கேட்க, தரகர் கொஞ்சமும் கூசாமல், "சீச்சீ, அவ வீட்டில இருந்து புள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் குடுக்கிறவ" என்றார். நான் ஓதிக்கொடுத்தது உண்மை. ஊருக்கு வந்த பிறகு. வீட்டுக்காரர் நிலத்தைப் பார்த்தார். நான் குசினிக்குள் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த நாளை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல்தான் ஆத்திரம் வரும்.

மக்காவில் இறங்கிய நாளிலிருந்து நான் ஊமை வேஷம் போட்டேன். எல்லாப் பலகையும் வாசிக்கத் தெரிந்தவள் ஒன்றும் தெரியாதவள் போல மகளின் பின்னால் நடந்தேன். ஒரு கடைக்காரன் மருமகனுக்குத் தொழுகைப் பாயின் விலையை இரண்டு மடங்காகச் சொல்லிவிட்டு, பக்கத்துக் கடைக்காரனிடம் அரபில் சொல்லிச் சிரித்தான். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்கு என் கஷ்டம் விளங்கியது, ஆனால் வாயைத் திறக்க வேண்டாம் என்றும் அந்தப் பார்வை சொன்னது. கலியாணம் முடிந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது அவளுக்கு.

மதீனாவுக்குக் குழுவின் பஸ்ஸில் போவதாகத்தான் ஏற்பாடு. புறப்படும் நாள் காலையில் குழுவை நடத்திய மௌலவி வந்து, பஸ் பழுதாகிவிட்டது, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகுதான் வேறு பஸ் வரும் என்றார். மற்றவர்கள் சரி என்று படுத்துவிட்டார்கள். எங்களுக்குத்தான் இடி. நபியவர்களின் பள்ளிவாசலில் ரவ்ழா என்ற இடத்தில் தொழுவதற்கு முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். நேரம் குறித்துத் தருவார்கள். வருஷத்துக்கு ஒருவருக்கு ஒரு தடவைதான். பெண்கள் எங்கள் மூன்று பேருக்கும் அன்று இரவு இஷா தொழுகைக்குப் பிறகு என்று கிடைத்திருந்தது, குழுவில் மற்றவர்களுக்கு அடுத்த நாள். அஸருக்குப் புறப்படும் பஸ் அந்த நேரத்துக்குப் போய்ச் சேராது. எனக்கும் மகளுக்கும் ஆயுசிருந்தால் இன்னொரு தடவை வரலாம். மருமகனின் உம்மாவின் முழங்கால் இனி ஒரு தடவை விமானம் ஏறுமா என்பது அவருக்கே சந்தேகமாக இருந்தது.

"கோச்சி ரெண்டரை மணித்தியாலத்தில போயிரும்" என்று மருமகன் போனை எடுத்தார். அவருக்குப் போனில் முடியாத காரியம் உலகத்தில் இல்லை. ஐந்து பேருடைய பாஸ்போட் இலக்கத்தையும் அடித்து முடித்துக் காசு கட்டும் இடத்துக்கு வந்தபோது, வங்கி ஓர் இலக்கம் அனுப்பியிருப்பதாகவும் அதைப் போடும்படியும் போன் கேட்டது. இலக்கம் போனது அவருடைய ஊர் சிம்முக்கு. அந்த சிம் தொலைந்துவிடக் கூடாதென்று கழற்றி, சிலாபத்தில் அலுமாரிக்குள் பத்திரமாக வைத்துவிட்டு வந்திருந்தார். அவ்வளவு பத்திரம்.

பைகளைக் குழுவிடம் விட்டுவிட்டு டாக்சி பிடித்து ஸ்டேஷனுக்குப் போனோம். புத்தளம் ஸ்டேஷன் முழுவதையும் அதன் ஒரு மூலையில் வைத்துவிடலாம், அவ்வளவு பெரிது. டிக்கட் கவுண்டரில் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்பிள்ளை இருந்தாள், அந்த நாட்டுப் பிள்ளை. பக்கத்தில் இன்னொருத்தி. நான் இருந்த காலத்தில் பெண்பிள்ளைகள் இப்படி வந்து உட்கார்ந்து வேலை செய்து நான் கண்டதில்லை. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

மருமகன் இங்கிலீஷில் கேட்டார். அவளும் இங்கிலீஷில், மரியாதையாகவே, இரண்டு மணி வண்டியில் இடமில்லை, அதற்குப் பிறகும் நிறைந்துவிட்டது, இரவு வண்டியில்தான் தரலாம் என்றாள். மருமகன் எங்களிடம் வந்து தமிழில் சொன்னார். அவருடைய உம்மா பக்கத்தில் இருந்த கதிரையில் மெல்ல உட்கார்ந்து, "நஸீப் இல்லைபோல, விடுங்க மகன்" என்றார்.

அப்போதுதான் கவுண்டருக்குள் கதை நடந்தது. முதல் பிள்ளை மற்றவளிடம் அரபில் கேட்டாள்: "இரண்டு மணி வண்டியில் அந்தப் பெரிய குழு பிடித்து வைத்த இடங்களுக்கு இன்னும் காசு கட்டவில்லையே?"

"மதியம் ளுஹர் பாங்கு வரை பார். வராவிட்டால் விட்டுவிடு."

"நிற்பவர்களிடம் சொல்லவா?"

"வேண்டாம். பிறகு எல்லாரும் இங்கேயே நின்று நச்சரிப்பார்கள்."

என்னை முன்னால் வைத்துக்கொண்டு பேசிய கதைகளை விளங்காதவள் போல நின்று கேட்பதில் எனக்குப் பதினொரு வருஷப் பழக்கம். முகம் தானாகவே வெறுமையாகிவிடும். அன்றும் ஆனது. சும்மா இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ளுஹர் வரை நிற்போம் என்று மருமகனிடம் சொல்லலாம்தான், ஆனால் ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? எங்களுக்குப் பின்னால் வேறொரு குடும்பமும் மதீனா மதீனா என்று கேட்டுக்கொண்டு நின்றது. முதலில் வாய் திறப்பவருக்குத்தான் இடம். நான் மகளைப் பார்த்தேன். கதிரையில் இருந்தவரைப் பார்த்தேன். பிறகு மருமகனைத் தள்ளிக்கொண்டு கவுண்டருக்கு முன்னால் போய் நின்றேன்.

என்னுடைய அரபைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது முழுக்க முழுக்கக் கட்டளை. அந்த வீட்டில் எனக்குச் சொன்னதெல்லாம் கொண்டு வா, தா, துடை, சீக்கிரம் செய் என்றுதான். கேட்டதுதானே வாயில் வரும்? தயவுசெய்து என்று கெஞ்சுகிற அரபு எனக்கு யாரும் பழக்கவில்லை. ஆகவே நான் அந்தப் பிள்ளையிடம் இப்படித்தான் சொன்னேன்: "யா பிந்த்தீ, மகளே, அந்தக் குழுவின் இடத்தில் ஐந்தை எடு. எங்களுக்குத் தா. இங்கே பார், இவருக்குக் கால் வருத்தம். இன்று ரவ்ழாவில் தொழ இவருக்கு நேரம் தந்திருக்கிறார்கள். பாங்கு சொன்னதும் தா. சீக்கிரம்."

இரண்டு பிள்ளைகளும் திறந்த வாய் மூடாமல் என்னைப் பார்த்தார்கள். பிறகு முதல் பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள். "என் உம்மா வீட்டில் எங்களை விரட்டுவது போலவே இருக்கிறது" என்றாள். "ஜித்தாப் பேச்சு! யாருடைய வீட்டில் வேலை செய்தீர்கள்?"

பின்னால் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர், "பாங்கு சொல்லிட்டானோ பாப்பம்" என்று முணுமுணுத்துக்கொண்டு நாலு அடி தள்ளிப் போய்விட்டார். ஆபத்து நேரத்தில் அவருக்கு எப்போதும் வேறு வேலை வந்துவிடும். மகளின் முகம் வெளிறியிருந்தது. மருமகனின் உம்மா எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

"என்ன கேக்கிறா அந்தப் புள்ள?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஓதிக்கொடுக்கிறவளுக்கு அரபு தெரியாதா என்று சமாளித்திருந்தால் அவர் நம்பியும் இருப்பார். ஆனால் உம்ரா செய்து மூன்று நாள்கூட ஆகவில்லை. அதோடு எனக்குக் களைத்தும் விட்டது.

"ஜித்தாவில யார்ட வீட்டில வேல செஞ்ச எண்டு கேக்கிறா மதினி" என்றேன். "பதினொரு வருஷம் செஞ்சன். வீட்டு வேல. தரகர் உங்களுக்குச் சொன்னது பொய். நானும் கேட்டுட்டுப் பேசாம இருந்தவதான்."

அவர் என் மகளைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். மகளை இனி அந்த வீட்டில் எப்படி நடத்துவார்கள், ஒவ்வொரு சொல்லிலும் இதைக் குத்திக் காட்டுவார்களோ என்றுதான் எனக்குக் கவலை. அதே நேரம் பாங்கு கேட்டது. அந்தக் குழு வரவில்லை. கவுண்டர்ப் பிள்ளை தட்டிப் பார்த்துவிட்டு, ஐந்து இடம் இருக்கிறது, ஆனால் இரண்டு, இரண்டு, ஒன்று என்று பிரிந்துதான் இருக்கிறது, யார் யாரோடு என்று கேட்டாள். நான் தமிழில் சொன்னேன்.

மருமகன் தலையைச் சொறிந்தார். தான் உம்மாவோடு இருந்தால் மனைவி தனியே. மனைவியோடு இருந்தால் உம்மா தனியே. அவர் இன்னும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க, அவருடைய உம்மா என் கையைத் தொட்டார்.

"என்னைய உங்களுக்குப் பக்கத்தில போடச் சொல்லுங்க" என்றார்.

எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் போடு என்று அந்தப் பிள்ளைக்குக் கட்டளையிட்டேன். என் வீட்டுக்காரருக்குத் தனி இடம். அவருக்கு அதுதான் சரி.

பக்கத்தில் உட்கார வைத்து ஏசப் போகிறார் என்றுதான் நினைத்தேன். வண்டி புறப்பட்டது. மலைகள் ஓடத் தொடங்கின. கன நேரம் அவர் நபியவர்கள் பேரில் ஸலவாத்து ஓதிக்கொண்டிருந்தார். பிறகு வெளியே பார்த்தபடியே கேட்டார்.

"என்னத்துக்கு மறைச்சீங்க?"

"கலியாணம் நிண்டு போயிரும் எண்டு பயந்தன்."

"நிண்டுதான் போயிருக்கும்" என்றார். "அண்டைக்குத் தெரிஞ்சிருந்தா நான் வேணாம் எண்டுதான் சொல்லியிருப்பன். இங்க வந்து பொய் சொல்ல ஏலாது."

"இப்ப?"

"இப்ப என்ன இப்ப? அவ எங்கட புள்ள. அத இனி யாரும் மாத்த ஏலாது." முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "எனக்குக் கோவம்தான் மதினி. வேல செஞ்சதுக்கு இல்ல, சொல்லாம விட்டதுக்கு. மதீனா போற வரைக்கும் கோவமாத்தான் இருப்பன்" என்றார்.

"இருங்க" என்றேன். வேறென்ன சொல்ல?

அந்தக் கோபத்தோடேயே கைப்பையைத் திறந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து எனக்கு நீட்டினார். தானும் ஒன்றை வாயில் போட்டு, கொட்டையைத் துப்பிக் கடதாசியில் சுற்றினார். பிறகு என் பக்கம் நன்றாகத் திரும்பினார்.

"அந்த வீட்டில உங்களுக்குப் படுக்க எங்க இடம் குடுத்தாங்க?"

ஊருக்கு வந்த காலத்திலிருந்து எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். எவ்வளவு சம்பளம், என்ன கொண்டு வந்தாய், மறுபடி எப்போது போகிறாய். என் வீட்டுக்காரர்கூட இதைக் கேட்டதில்லை. மகளும் கேட்டதில்லை. எனக்குப் படுக்கவும் ஓர் இடம் வேண்டியிருந்திருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"உடுப்புக் கழுவுற அறைக்குள்ள, மெஷினுக்குப் பக்கத்தில" என்று தொடங்கினேன். தொடங்கியதும் நிற்கவில்லை. முன் ஆசனத்தில் மருமகன் மகளிடம் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். மகள் அவருடைய கையில் மெல்லத் தட்டி, கொஞ்சம் பேசாமல் இருங்கள் என்று சைகை காட்டிவிட்டு, தலையை எங்கள் பக்கம் சாய்த்துக்கொண்டாள்.