திரைக்கு அடியில் ஒரு பச்சைப் பட்டை

நைனாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகு, சென்னை ஆபீஸை விட்டு உத்திரமேரூர் பக்கம் எங்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆரம்பித்தேன். அம்மா இல்லை. எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை. அவரைத் திருப்பிப் படுக்க வைப்பது, குளிப்பாட்டுவது, கஞ்சி ஊட்டுவது, நடுநடுவே மீட்டிங்கில் முகம் காட்டுவது எல்லாம் நான் ஒருவன்தான். ஓசூரில் இருக்கும் அக்கா சாயங்காலமானால் போன் செய்வாள்.

"இன்னாடா, உன்னால முடியுதா? நான் வரட்டா?"

"சமாளிச்சிக்கினு கீறேன்க்கா. நீ எதுக்கு அலையிற? பசங்களுக்கு ஸ்கூல் கீது இல்ல?"

உண்மையில் முடியவில்லை. முதுகு விண்விண்ணென்று தெறிக்கும். சோற்றில் கை வைத்தபடியே தூங்கிப் போயிருக்கிறேன். ஆனாலும் அவள் கேட்டவுடன் அதே பதில்தான் வாயில் வரும்.

அப்போது என் தலையில் விழுந்திருந்த வேலை, டிவியோடு இணைக்கும் ஒரு சின்னப் பெட்டி. அதைச் சோதிக்க நைனாவின் டிவியிலேயே மாட்டியிருந்தேன். படுத்த படுக்கையில் அவருக்கு நியூஸ்தான் துணை. படத்தின் அடியில் மெல்லிசாக ஒரு பச்சைப் பட்டை தெரியும். கொஞ்ச நேரத்தில் படமே உறைந்து நின்றுவிடும். நைனாவுக்குப் பேச்சு குழறும் என்பதால் இடது கையால் கட்டிலைத் தட்டுவார். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். அவர் மேல் இல்லை, அந்தப் பெட்டி மேல்.

பெட்டிக்குள், சுருக்கி அனுப்பப்படும் வீடியோவை விரித்துக் கொடுக்க ஒரு சிப் இருக்கிறது. அந்தச் சிப்புக்கும் படம் காட்டும் ஆப்புக்கும் நடுவில் பேசும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். ஒரு படத்துக்கு மெமரியில் எவ்வளவு இடம் ஒதுக்கட்டும் என்று ஆப் கேட்கும். டிரைவர் ஒரு அளவு சொல்லும். ஆப் அதை அப்படியே நம்பி அவ்வளவுதான் ஒதுக்கும்.

வாரக்கணக்கில் சிப்பைத்தான் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் சிப் மேல் தப்பே இல்லை. கண்ணுக்குத் தெரியும் படத்தில் 1080 புள்ளி வரிசை. சிப்போ பதினாறு பதினாறு வரிசையாகத்தான் எழுதும், ஆகவே அதற்கு 1088 வேண்டும். எங்கள் டிரைவர் 1080-க்குக் கணக்குப் போட்டு "இது போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. மிச்சம் வழிந்து பக்கத்து இடத்தைக் கெடுத்தது. யாரோ ஒரு புண்ணியவான் எழுதிய ஒற்றை வரி. தலையில் அடித்துக்கொண்டு திருத்தினேன். பச்சைப் பட்டை போய்விட்டது. மத்தியானம் முழுக்க நைனா கட்டிலைத் தட்டவில்லை.

டீம் லீடுக்குத்தான் திருப்தியில்லை. "மெமரி முன்னவிட அதிகமா கேக்குதேப்பா. கொஞ்சம் கம்மி பண்ணிக்காட்ட முடியாதா?" என்றார் போனில்.

"அதுக்கு அவ்ளோ வேணும் சார். கம்மியா சொன்னா எங்கியாவது போய்க் கொட்டத்தான் செய்யும்."

என் குரலே எனக்குக் கறாராகக் கேட்டது. அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு நைனாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றத் தூக்கினேன். தினமும் செய்கிற வேலைதான். அன்றைக்குப் பாதியில் என் முழங்கால் மடங்கிவிட்டது. அவரை நெஞ்சோடு அணைத்தபடியே தரையில் சரிந்தேன். அடிபடவில்லை. உடனே எழவும் தெம்பில்லை. இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். டிவியில் படம் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது. நைனா இடது கையால் என் முதுகைத் தடவினார். எனக்கு அழுகை வந்தது.

சாயங்காலம் அக்காவின் போன்.

"இன்னாடா, முடியுதா?"

"முடியலக்கா."

ஏன், என்ன ஆச்சு என்று அவள் கேட்கவில்லை. "காலைல மொத பஸ்ஸுக்கு வரேன். எத்தினி நாளுக்குத் துணி எடுத்துக்கினு வரட்டும்?" என்றாள்.

ரெண்டு நாள் போதும் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். சிப்புக்காக அவ்வளவு கறாராகப் பேசிய வாய்.

"ஒரு மாசத்துக்கு எடுத்துக்கினு வாக்கா."

"சரிடா," என்றாள். "பெரிய பையாவே எடுத்துக்கறேன்."