களத்தில் நனைந்த நெல்

சரஸ்வதி என்னோடு வேங்கிக்கால் அலுவலகத்தில் வேலை செய்பவள். ஊரில் புதுக்கடை எது திறந்தாலும் முதல் வாரமே போய்ப் பார்த்துவிட வேண்டும் அவளுக்கு. போன சனிக்கிழமை என்னையும் மில் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். பழைய ரைஸ் மில் ஒன்றை இடிக்காமல் அப்படியே கடையாக்கிவிட்டார்களாம். புடவை, செருப்பு, சாப்பாடு எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே.

உள்ளே நுழைந்ததும் ரொட்டி வேகும் வாசனை. நெல் ஊறவைக்கும் சிமெண்டுத் தொட்டிக்குள் மெத்தை போட்டு நாலு பிள்ளைகள் உட்கார்ந்து பிட்சா தின்றுகொண்டிருந்தார்கள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். பிள்ளைகள்மேல் தப்பில்லை. அந்தத் தொட்டியில் நாள்கணக்கில் நெல் ஊறினால் என்ன நாற்றம் அடிக்கும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அந்த நாற்றம் என் தலைமுடியிலேயே குடியிருந்தது. டைப்ரைட்டிங் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு வேறு மெஷினுக்குப் போய்விட்டாள். நீ உருப்படவே மாட்டாய் என்று மனதுக்குள் சபித்தேன். நன்றாகத்தான் இருக்கிறாள், என்ன செய்வது.

பிளஸ் டூ முடித்ததும் அம்மாவோடு நானும் அந்த மில்லுக்கு வேலைக்குப் போனேன். அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, வெறுங்காலால் கிளறிக்கொண்டே நடக்க வேண்டும். சித்திரை வெயிலில் சிமெண்டுத் தரை தோசைக்கல்தான். கிரிவலம் வந்தவர்கள் மலையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நாங்கள் மேகம் கட்டுகிறதா என்று மலையைப் பார்த்தோம். மழை வருகிறதென்று மில் சங்கு ஊதினால் ஓடிவந்து நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் மூட வேண்டும்.

களத்தில் எங்களுக்கெல்லாம் மூத்தவள் பச்சையம்மா, அம்மாவின் சிநேகிதி. இரண்டு பேரும் ஒரே தூக்கில் சாப்பிடுவார்கள். கேட்டுக்கு வெளியே மல்லிகா என்று ஒருத்தி கேழ்வரகுக் கூழ் விற்பாள். வெயில் ஏறினதும் ஆளுக்கொரு சொம்பு குடித்துவிட்டு வருவோம். அது எங்களை வேலை வாங்கும் மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் நாங்கள் குடித்துக்கொண்டிருக்கும்போதே வந்து கூழ்ப்பானையை எட்டி உதைத்தான்.

“வேல நேரத்துல இன்னாடி கூழு?”

பானை உடைந்து கூழ் மண்ணில் ஓடியது. மல்லிகா குனிந்து ஓட்டாஞ்சில்லைப் பொறுக்க ஆரம்பித்தாள். பச்சையம்மா உள்ளே வந்து களத்தின் ஓரமாக உட்கார்ந்தாள்.

“ஒதச்சவன் வந்து அவகிட்ட மன்னிப்பு கேக்கட்டும். அதுவரைக்கும் நெல்லத் தொடமாட்டேன்.”

ஒவ்வொருவராக உட்கார்ந்தோம். அம்மாவும்தான். பிற்பகலில் மலைக்கு மேலே கருத்தது. சங்கு ஊதியது. யாரும் எழுந்திருக்கவில்லை. முதலாளி ஆள் அனுப்பினார், பிறகு அவரே வந்து கத்தினார். மேஸ்திரி கொடுக்கு மீசையை நீவிக்கொண்டு நின்றானே தவிர கேட்டுப் பக்கம் ஓர் அடி வைக்கவில்லை. மழை வந்துவிட்டது. முதலாளியும் அவர் மகன்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நெல்லை இழுத்தார்கள். வழுக்கி விழுந்தார்கள். நெல் மூத்திரச் சந்துப் பக்கம் சாக்கடையில் ஓடியது. அதைவிட அழகான காட்சியை நான் இந்த ஊரில் கண்டதில்லை, தீபத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மறுநாள் எங்களை உள்ளே விடவில்லை. வேறு ஊர்ப் பெண்கள் களத்தில் நின்றார்கள். மேஸ்திரி கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. பச்சையம்மாவுக்கு அந்தத் தெருவில் எந்த மில்லிலும் வேலை கிடைக்கவில்லை; அடி அண்ணாமலைக்குப் போய்ப் பௌர்ணமிக்குப் பௌர்ணமி எலுமிச்சை விற்றாள். அம்மா வீட்டு வேலைகளுக்குப் போனாள். பச்சையம்மாவோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். அவள் ஒருத்தியின் ரோஷத்துக்கு எத்தனை வீட்டு அடுப்பு அணைந்தது என்று தினம் ஒரு பாட்டம் திட்டுவாள். நீயும்தானே உட்கார்ந்தாய் என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

“அவ உக்காந்தா நான் மட்டும் எப்படிடி நிக்கிறது?” என்றாள்.

புடவையைப் பிரித்துப் பார்த்தபடி நான் இதையெல்லாம் சரஸ்வதியிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, கடைக்காரப் பையன் பக்கத்தில் வந்து நின்றான். முதலாளியின் பேரன். அதே தாடை. எங்கம்மா இந்தக் களத்தில் வேலை செய்தவர் என்றேன். அவன் முகம் மலர்ந்தது.

“சூப்பர் ஆன்ட்டி. அத அப்படியே ஒரு வீடியோல பேசுறீங்களா? நம்ம பேஜ்ல போடலாம்.”

உன் தாத்தா மழையில் வழுக்கி விழுந்த கதையையும் சேர்த்துப் போடுவாயா என்று கேட்டேன். சிரித்தான். கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தேவலாம் போல இருந்திருக்கும். களம் எங்கே என்று கேட்டதற்குக் கார் நிற்கும் இடத்தைக் காட்டினான். சரஸ்வதி ஒரு புடவை வாங்கினாள். நான் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். பச்சையம்மா போன ஆடியில் செத்துப்போனாள். அம்மா சாவுக்குப் போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவளைத் திட்டுவதை விட்டுவிட்டாள். மல்லிகா எங்கே போனாளோ தெரியாது. முதலாளியும் மேஸ்திரியும் எப்போதோ போய்ச் சேர்ந்தார்கள். அந்த மில்லைச் சேர்ந்தவர்களில், பெயர் சொல்லித் திட்டக்கூட அம்மாவுக்கு இப்போது யாரும் மிச்சமில்லை.